பால் கொடுத்தால் கர்ப்பம் தங்காதா?

"பால் குடுத்துட்டுத்தானுங்க இருக்கேன், இன்னும் தீட்டே வரலீங்க. அப்புறம் எப்படிங்க டாக்டர்?"

கையில் எட்டு மாதக் குழந்தை, வயிற்றில் இன்னொன்று. அவிநாசியானாலும் பொள்ளாச்சியானாலும் இதே கேள்விதான். அடுத்தது, "கலைக்க ஏதாச்சும் கஷாயம் இருக்குங்களா?" வேண்டாம் அம்மணி, யார் கொடுத்தாலும் குடிக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து. நேராக மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

தாய்ப்பால் கர்ப்பத்தைத் தள்ளிப்போடும் என்பது பொய்யில்லை. 1988-ல் இத்தாலியில் உள்ள பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் இதை ஆராய்ந்து, 98 சதவீதம் பாதுகாப்பு உண்டு என்றார்கள். ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது. மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? பாட்டி சர்க்கரைத் தண்ணீர் புகட்டுகிறார், அத்தை உரை மருந்து இழைக்கிறார், ராத்திரிக்குப் பவுடர் பால். இதில் ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கை நம்ப முடியாது. தீட்டு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் சொல்கிறேன்: பிரசவ லேகியம் உடம்பைத் தேற்றத்தான், கருத்தடைக்கு அல்ல. அதற்குப் பப்பாளி விதையையும் நம்ப வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே வழி இருக்கிறது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம். 'சாயா' மாத்திரை லக்னோவில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. ஹார்மோன் இல்லை, பால் குறையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. 'அந்தரா' ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. பால் கொடுப்பவர்கள் ஆறு வாரம் கழித்துப் போடலாம். கடையில் விற்கும் சாதாரண கருத்தடை மாத்திரையைப் பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

இன்னொன்று, கூச்சப்பட்டு யாரும் கேட்பதில்லை. பால் கொடுக்கும் நாட்களில் பிறப்புறுப்பு வறண்டு, சேரும்போது எரியும். மனைவிக்கு ஆசை போய்விட்டது என்று கணவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். அது ஹார்மோன் குறைவு, வெறுப்பு அல்ல. தையல் ஆறி, அவளுக்கே மனம் வரும்வரை பொறுங்கள். ஆணுறை போடுகிறவர்கள் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். தண்ணீரில் கரையும் ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும்.

அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்வீட்டிலிருந்து மகளை அனுப்பும்போது சீர்த்தட்டு, தொட்டில் எல்லாம் சரிபார்க்கிறீர்களே, தாய்மார்களே, இதையும் அன்றைக்கே மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசிவிடுங்கள்.