சுமை வியாபாரியின் பேரன்

ஆல்ப்ஸ் மலையின் மேற்குச் சரிவில் இருக்கிறது சவோய். 1860இல்தான் அது பிரான்சோடு சேர்ந்தது. அதற்கு முன் சார்டீனிய அரசருக்கு உரிய நிலம். அங்குள்ள மோரியேன் பள்ளத்தாக்கில் குளிர்காலம் வந்தால் வயல் பனிக்கடியில் போய்விடும். விளைந்தது வீட்டுக்கே பற்றாது. ஆண்கள் முதுகில் சுமையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கக் கிளம்பிவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படிச் சுற்றியவர்களில் ஒருவர் விக்டர் அமெதே ஒப்பினெல். பிற்பாடு அவர் ஆல்பியே-லெ-வியே என்னும் மலைக்கிராமத்தை ஒட்டிய ஜெவுதாஸில் பட்டறை போட்டு ஆணி அடிக்கத் தொடங்கினார்.

அவர் மகன் தானியேல் ஆணியோடு நிற்கவில்லை. கோடரி, வெட்டரிவாள், கவாத்துக் கத்தி என்று வெட்டுக்கருவிகளுக்குப் பெயரெடுத்த கொல்லர் ஆனார். ஒவ்வொன்றும் கையால் அடித்தது. சுற்றுவட்டாரக் குடியானவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவருக்கு 1872இல் பிறந்த மகன் ஜோசப்.

இந்த ஜோசப்புக்கு இயந்திரம் என்றால் உயிர். தானே ஒரு கேமரா செய்து ஊர்க் கல்யாணங்களில் படமெடுத்தவர். 1890இல், பதினெட்டு வயதில், ஓய்ந்த நேரத்தில் நண்பர்களுக்காகச் சிறு மடக்குக்கத்திகள் செய்து கொடுத்தார். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. பெருங்கருவி செய்யும் பட்டறையில் பாக்கெட் கத்தி ஒரு தொழிலா என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்கும். எண்ணிக்கையில் செய்வது, இயந்திரத்தில் செய்வது இரண்டும் அவர் வழிக்கு மாறானவை. மகன் கேட்கவில்லை.

இங்கேதான் தாத்தா வருகிறார் என்று நினைக்கிறேன். ஜோசப் தன் தாத்தாவைப் பற்றி ஏதும் எழுதிவைத்ததாக நான் படித்ததில்லை. இது என் வாசிப்பு. தந்தை தொழிலை உலைக்களத்திலிருந்து பார்த்தவர்: இரும்பு நன்றாக இருக்கிறதா, பதம் சரியாக ஏறியிருக்கிறதா என்பது அவர் கேள்வி. தாத்தா அதே தொழிலை வாங்குபவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தவர். சுமந்து விற்பவனுக்குச் சரக்கின் எடை முதுகில் தெரியும். குடியானவர் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது அவர் முகத்தில் தெரியும். இலேசாக, மலிவாக, எல்லார்க்கும் வேண்டியதாக இருக்கும் பொருளே சுமையில் ஏறும். ஜோசப் செய்த கத்தி இந்த மூன்றுக்கும் பொருந்தியது. தந்தையை மீறித்தான் பேரன் தாத்தாவின் பொருளுக்குத் திரும்பினார்.

கத்தியைப் பாருங்கள். எஃகு அலகு ஒன்று. வயிற்றில் சற்றுப் பருத்து, நுனியில் வளைந்து முடியும் உருண்டைப் பிடி ஒன்று. இன்றும் பெரும்பாலும் பீச் மரம். அலகு மடங்கிப் படுக்கப் பிடியில் ஒரு பிளவு. குறுக்கே ஓர் ஆணி, கழுத்தில் ஓர் உலோகப் பூண். ஸ்பிரிங் கிடையாது. மரம் அலகைக் கவ்விப் பிடிக்கும் இறுக்கமே அதை நிறுத்துகிறது. மழையில் நனைந்தால் மரம் உப்பிக்கொள்ளும், அலகை நகத்தால் இழுக்க வராது. அப்போது சவோய்க்காரர்கள் மடக்கிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து, பிடியின் வால்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும். அந்தத் தட்டலுக்கு அவர்கள் வைத்த பெயரே ‘சவோய்த் தட்டு’. பொருளின் குறையைச் சரிசெய்ய இன்னொரு பாகம் சேர்க்காமல், பயன்படுத்துபவரின் கைப்பழக்கத்தை நம்பி விட்டுவிட்ட துணிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாகம் கூடினால் விலை கூடும், பழுதும் கூடும்.

1897க்குள் 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகள் வந்துவிட்டன. ஒன்றாம் எண்ணின் அலகு இரண்டு சென்டிமீட்டர். கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடலாம். பன்னிரண்டாம் எண்ணுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர். அடுத்த சில ஆண்டுகளில் ஜோசப் ஒரு சிறு தொழிற்சாலை கட்டினார்; பிடி செய்யும் இயந்திரத்தைத் தானே வடிவமைத்தார். தரத்துக்கும் மலிவுக்கும் இடையில் எப்போதும் இருக்கும் வழக்கை அந்த இயந்திரம் தீர்த்தது. கையால் ஒவ்வொன்றாகப் பிடி செதுக்கியிருந்தால் இந்தக் கத்தி வசதியுள்ளவர் பையில் மட்டும் இருந்திருக்கும்.

1909இல் முத்திரை பதித்தார்கள்: ஆசி கூறும் கை, மேலே ஒரு கிரீடம். பக்கத்து ஊரான சான்-ழான்-த-மோரியேனின் தேவாலயத்தில் யோவான் ஸ்நானகனின் விரல்கள் காக்கப்படுவதாக நம்பிக்கை. ஊரின் சின்னத்திலேயே அந்தக் கை உண்டு. கிரீடம் சவோய்க் கோமகன் ஆட்சியைக் குறிப்பது. தன் பெயரின் முதலெழுத்தையோ முகத்தையோ போடாமல் மண்ணின் அடையாளத்தைப் பதித்தது ஜோசப்பின் குணத்தைச் சொல்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் சாம்பெரி நகருக்குப் பக்கத்தில் பழைய தோல் பதனிடும் கூடம் ஒன்றை வாங்கி, தொழிலை மலையிலிருந்து இறக்கினார். மகன்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஸ்பிரிங் இல்லாத கத்திக்கு ஓர் ஆபத்து இருந்தது. அழுத்தி வெட்டும்போது அலகு மடங்கி விரலில் விழலாம். 1955இல் மகன் மார்செல் அதற்கு வழி கண்டார்: இருந்த பூணின் மேல் சுழலும் இன்னொரு பூண். திருப்பினால் அலகின் அடியை அடைத்து நிறுத்தும். 2000ஆம் ஆண்டுவாக்கில், மடங்கிய நிலையிலும் பூட்டும்படி அதைத் திருத்தினார்கள். 1955க்குள் அறுபது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்ட கத்தியில் குடும்பம் சேர்த்த பாகம் அந்த ஒன்றுதான். சின்ன அளவுகளுக்கு அதுவும் கிடையாது. பூண் வந்தபோது ஜோசப்புக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. தன் தந்தை தன்னைத் தடுத்ததுபோல் அவர் மகனைத் தடுக்கவில்லை. 1960இல் காலமானார். பிறகு பேரன் மொரீஸ் தலைமுறை வந்தது. நிறுவனம் இன்றும் குடும்பத்தின் கையில்தான்.

வேறு விதமாகவும் போயிருக்கலாம். பிரான்சிலேயே லாகியோல் என்ற சிற்றூரின் கத்தி ஒப்பினெலைவிட மூத்தது, அழகிலும் குறைந்ததல்ல. 1829இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். காலப்போக்கில் உற்பத்தி பெரும்பாலும் கத்தித் தொழிலுக்குப் பேர்போன தியேர் நகருக்கு நகர்ந்தது. 1993இல் வெளியூர் வணிகர் ஒருவர் ஊர்ப் பெயரையே வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டார். வெளிநாட்டில் செய்த சரக்கெல்லாம் அந்தப் பெயரில் வந்தது. ஊர்மக்கள் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள். 2012இல் எதிர்ப்பாக ஊர்ப் பெயர்ப்பலகையையே கழற்றினார்கள். ஒப்பினெல் குடும்பத்துக்கு அந்த நிலை வராததற்கு முத்திரையை நேரத்தோடு பதித்தது ஒரு காரணம். பொருளையும் பெயரையும் ஒரே கையில் வைத்திருந்தது இன்னொன்று. பொருளைச் செய்யாத கைக்குப் பெயர் போய்விட்டால் தாத்தாவின் பெயரால் எதையும் விற்கலாம்.

1985இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் அழகான 100 பொருட்களில் ஒன்றாக இந்தக் கத்தியைத் தேர்ந்தெடுத்தது. குடியானவர் ரொட்டி அறுக்கச் செய்த கத்திக்கு அது பெருமைதான்; ஆனால் அத்தகைய பெருமைக்கு ஓர் ஈர்ப்பு உண்டு. விலையுயர்ந்த மரம், கொம்பு, ஓவியம் பதித்த பிடி என்று சேகரிப்போருக்கான பதிப்புகள் வந்தன. அவை எனக்கு உவப்பில்லை. வெட்டுவதற்கும் அறுப்பதற்கும் ஆன பொருள் கண்ணாடிப் பேழைக்குள் போவதற்கு விலை ஏற்றுவது, சுமை வியாபாரியின் கணக்கில் வராத வரவு. சிறுவர்களுக்காக நுனி மழுக்கிய கத்தி செய்தது மட்டும் சரியான திசை என்பேன். கருவியைப் பிடிக்கும் வயதில் பிடிக்கப் பழகாத கை பின்னால் எதையும் நம்பிக்கையோடு பிடிப்பதில்லை.

துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகும் பழைய கார்பன் எஃகு அலகை அவர்கள் நிறுத்தவில்லை. அது துருப்பிடிக்கும், கறுக்கும், ஆப்பிள் வெட்டினால் கறை ஏறும். துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஆனால் வீட்டுச் சாணைக்கல்லிலேயே எளிதில் கூர் ஏறிவிடும், யாரிடமும் கொண்டுபோக வேண்டாம். விற்றவன் திரும்பி வர அடுத்த குளிர்காலம் ஆகும் ஊரில், வாங்கியவரே சரிசெய்துகொள்ளும்படிதான் பொருள் இருந்தாக வேண்டும். சேகரிப்போர் பதிப்புகள் எத்தனை வந்தாலும், பீச் மரப் பிடியும் கார்பன் அலகும் கொண்ட எட்டாம் எண் கத்தி பிரான்சின் இரும்புக்கடையிலும் புகையிலைக் கடையிலும் சந்தையிலும் இன்றும் கிடைக்கிறது. கூலி வேலை செய்பவர் யோசிக்காமல் வாங்கும் விலையில்தான் அது இருக்கிறது.