சாவியை எடுத்த பிறகும் ஓடுற பாட்டு

1/ "டாக்டரம்மா, வண்டி செல்ஃப் எடுக்கலம்மா."

ராத்திரி 1 மணி 40 நிமிஷம். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊர். வீட்டிலேயே பிரசவம் ஆகி, ரத்தம் நிக்காம போய்ட்டு இருந்த ஒரு அம்மா. வயசு 24. ஊரில் இருந்த ஒரே நாலு சக்கர வண்டி ஒரு பிக்கப். அது கிளம்பல.

காரணம் என்ன தெரியுமா? கார் ஸ்டீரியோ. பொறுமையா படிங்க, இது நீண்ட இழை.

(அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ கீழ்நாட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் முதல்ல புரியணும். மலையில் பிக்கப்னா சரக்கு வண்டி மட்டும் இல்லை. சாமை, புளி, பலா, தேன் இறங்குறதும் அதுலதான். கல்யாணத்துக்குப் போறதும் அதுலதான். பாம்பு கடிச்சாலும், இடுப்பு வலி எடுத்தாலும் அதுலதான்.

108 சேவை 2008-ல தமிழ்நாட்டுக்கு வந்தது. எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஆனா எல்லா குக்கிராமத்து வாசலுக்கும் அது ஏறி வர ரோடு இல்லை. அந்த இடைவெளியை அடைக்கிறது இந்த பிக்கப் டிரைவர்கள்.

3/ பிரசவத்துக்குப் பிறகு வர ரத்தப்போக்கு எவ்வளவு வேகமானதுன்னு தெரியுமா? கட்டுப்படுத்தலைன்னா இரண்டு மணி நேரத்துக்குள்ள உயிர் போகலாம். ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

அன்னைக்கு போன்லயே சொன்னேன்: அடிவயித்தை அழுத்தி தேய்ச்சுக்கிட்டே இருங்க, குழந்தைக்குப் பால் கொடுங்க, உடனே வண்டியில ஏத்துங்க. முதல் ரெண்டும் செஞ்சாங்க. மூணாவது முடியல.

4/ பிக்கப்பை இறக்கத்துல தள்ளிப் பார்த்தாங்க. மலையில எல்லா டிரைவருக்கும் தெரிஞ்ச வித்தை அது, செகண்ட் கியர்ல விட்டா எடுத்துரும். ஆனா இப்ப வர டீசல் வண்டில இன்ஜினுக்குள்ள டீசலை எப்ப எவ்வளவு விடணும்னு முடிவு பண்றது ஒரு கம்ப்யூட்டர். அதுக்கே கரண்ட் வேணும். பேட்டரி சுத்தமா செத்துட்டா தள்ளியும் பிரயோஜனம் இல்லை.

பைக்ல ஆள் போய், பக்கத்து ஊர்ல இருந்து ஜீப் கொண்டு வந்தாங்க. 50 நிமிஷம் போச்சு.

5/ அந்த அம்மா பிழைச்சுட்டாங்க. எங்ககிட்ட வந்து, முதலுதவி பண்ணி, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பாட்டில் பாட்டிலா ரத்தம் ஏத்தி, கர்ப்பப்பையை எடுத்துத்தான் காப்பாத்தினாங்க.

24 வயசு. முதல் குழந்தை. இனி இன்னொரு குழந்தை கிடையாது. அந்த 50 நிமிஷம் மிச்சமாகியிருந்தா இது நடக்காம இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு டாக்டரா என்னால இதைக் கடந்து போக முடியல.

6/ அடுத்த வாரம் அந்த பிக்கப் டிரைவர் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதாரு. "பேட்டரி வாங்கி ரெண்டு வருஷம்தாம்மா ஆவுது. மழையால ரெண்டு நாளா வண்டியை எடுக்கல, அவ்வளவுதான்."

ரெண்டு நாள் சும்மா நின்னா ஒரு நல்ல பேட்டரி சாகாது. எங்க ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுற அண்ணன் ஐடிஐ படிச்சவர். மல்டிமீட்டர் எடுத்துட்டு வந்து, சாவியை எடுத்துட்டு, பேட்டரி மைனஸ்ல வச்சுப் பார்த்தார். 0.9 ஆம்பியர் ஓடிட்டு இருந்தது. எல்லாம் ஆஃப்ல இருக்கிறப்ப!

7/ கணக்கு போடுங்க. 0.9 ஆம்பியர் × 48 மணி நேரம் = 43 ஆம்பியர்-மணி. அந்த வண்டி பேட்டரியோட மொத்த கொள்ளளவு 60. பாதிக்கு மேல உறிஞ்சியாச்சு. ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்த ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான ஆம்பியர் வேணும். குளிர் ராத்திரில பேட்டரிக்கு அந்த தெம்பு இன்னும் குறையும்.

சாவி எடுத்த வண்டில வாட்ச், அலாரத்துக்கெல்லாம் சேர்த்து 50 மில்லி ஆம்பியருக்குள்ள ஓடினா சரி. இது அதைவிட 18 மடங்கு.

8/ எங்கே போகுது கரண்ட்? சீட்டுக்கு அடியில ஒரு ஆம்ப். டேஷ்போர்டுல ஒரு ஆண்ட்ராய்டு செட்டு. ஆறு மாசம் முன்னாடி ஒரு கடையில போட்டது.

செட்டுக்குப் பின்னாடி வர ஒயர்ல ரெண்டு முக்கியம். மஞ்சள்: பேட்டரில இருந்து எப்பவும் வர கரண்ட், நேரமும் ஸ்டேஷனும் மறக்காம இருக்க. சிவப்பு: சாவி போட்டா மட்டும் வர கரண்ட், "எழுந்திரு, தூங்கு" சொல்றது இதுதான். கறுப்பு எர்த். நீலமும் வெள்ளையும் கலந்த ஒயர் ஆம்பை எழுப்புறது.

9/ அந்தக் கடைக்காரர் என்ன பண்ணியிருந்தார்? மஞ்சளையும் சிவப்பையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்திட்டார். ஆம்பை எழுப்புற ஒயரையும் அதோடவே சேர்த்துட்டார்.

அப்படின்னா செட்டுக்கு சாவி எடுத்ததே தெரியாது. ஸ்கிரீனை அணைச்சாலும் உள்ளே முழிச்சுக்கிட்டே இருக்கும். ஆம்பும் தூங்காது. 24 மணி நேரமும் பேட்டரியைக் குடிச்சுக்கிட்டே இருக்கும்.

ஏன் அப்படிப் பண்ணார்னு கேட்டேன். "சாவி எடுத்தாலும் பாட்டு ஓடணும்னு நான்தாம்மா கேட்டேன், திருவிழாக்கு." தம்பி தலையைக் குனிஞ்சுட்டாரு.

10/ நான் அவரைத் திட்டல. கேட்டது தப்பில்லை. சாவி எடுத்தாலும் பாட்டு ஓட முறையான வழி இருக்கு: தனியா ஒரு சுவிட்ச், ஒரு ரிலே. சில நூறு ரூபாய் வேலை. அதைச் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். நோயாளி "ஊசி போடுங்க"ன்னு கேட்டா, தேவையில்லாத ஊசியைப் போடுறது டாக்டரோட குத்தம். நோயாளி கேட்டார்ங்கிறது சாக்கு இல்லை.

கேட்டதைச் செய்றது மட்டும் தொழில் இல்லை. என்ன ஆகும்னு சொல்லிட்டுச் செய்றதுதான் தொழில்.

11/ இப்ப சிலர் வருவீங்க. "டாக்டருக்கு எதுக்கு எலக்ட்ரீஷியன் வேலை?"

ஏன்னா உங்க முறுக்கு ஒயரோட கடைசி முனை என் வார்டுலதான் வந்து முடியுது. பேட்டரி செத்தா ரத்தப்போக்கு. ஷார்ட் ஆனா தீக்காயம். ரெண்டையும் பார்க்கிறது நான்தான், பொருத்தின கடை இல்லை.

12/ தீயைப் பத்திப் பேசுவோம். 2023 பிப்ரவரி 2, கேரளா கண்ணூர். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு இருந்த கார், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே தீப்பிடிச்சது. நிறைமாத கர்ப்பிணியும் கணவரும் முன் சீட்டிலேயே இறந்துட்டாங்க. ஆரம்பகட்ட விசாரணைல மின்கசிவுதான்னு சந்தேகிச்சாங்க. வெளியில பொருத்திய கூடுதல் மின்சாதனங்கள் பத்தி நாடே பேசிச்சு. ஒரு வாரம். அப்புறம் மறந்தாச்சு.

13/ ஃபியூஸ் எதுக்குன்னு கேட்டா பத்துல எட்டு பேர் "செட்டைக் காப்பாத்த"ன்னு சொல்றாங்க. தப்பு. ஆம்புக்குப் போற மெயின் ஒயர்ல போடுற ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்த.

கையில ஆழமா வெட்டுப்பட்டு ரத்தம் பீச்சுது, துணிய அழுத்தியும் நிக்கல. இறுக்கிக் கட்டு எங்கே போடுவோம்? காயத்துக்கும் இதயத்துக்கும் நடுவுல. விரல் நுனில கட்டினா நிக்குமா? அதே மாதிரி ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கணும், 45 சென்டிமீட்டருக்குள்ள. ஆம்ப் பக்கத்துல மட்டும் ஃபியூஸ் வச்சா, நடுவுல இருக்கிற மூணு மீட்டர் ஒயருக்குக் காவலே கிடையாது.

14/ அந்த ஒயர் இன்ஜின் பக்கத்துல இருந்து உள்ளே வர இடத்துல தகரத்துல ஒரு ஓட்டை. அதுல ரப்பர் புஷ் இல்லைன்னா என்ன ஆகும்? மலை ரோட்டுல குலுங்கிக் குலுங்கி தகரம் ஒயரை அறுக்கும். ஒரு நாள் செம்பு தகரத்தைத் தொடும். ஃபியூஸ் இல்லைன்னா பேட்டரி மொத்த சக்தியையும் அந்த ஒரு ஒயர்ல கொட்டும். ஒயர் பழுத்துரும்.

மேலே இருக்கிற பிவிசி எரிஞ்சா வர புகைல கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜன் குளோரைடும் இருக்கு. கதவு மூடின வண்டிக்குள்ள தீ தொடுறதுக்கு முன்னாடியே புகை ஆளை மயக்கிடும்.

15/ இதைவிடக் கொடுமை: ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு அந்த இடத்துல சிகரெட் தாள், கம்பி, ஆணி செருகுறது. 10 ஆம்பியர் போய்டுச்சுன்னு 30 போடுறது.

காய்ச்சல் அடிக்குதுன்னு தெர்மாமீட்டரை உடைக்கிற மாதிரி இது. ஃபியூஸ் போறது ஒரு அறிகுறி. உள்ளே நோய் இருக்குன்னு சொல்லுது. நோயைத் தேடுங்க.

16/ "அப்ப பாட்டே கேக்கக்கூடாதா டாக்டர்?"

கேளுங்க. நானும் கேக்கிறேன். விடிகாலை மூணு மணிக்குச் சரக்கோட தனியா மலை இறங்குற டிரைவருக்குப் பாட்டுதான் துணை. வண்டியில பாட்டு போட்ட உடனே ஒழுக்கம் கெட்டுப்போச்சுன்னு பேசுற கூட்டத்துல நான் இல்லை. ஏழை வண்டிக்கு எதுக்கு ஆம்ப்னு கேக்கிறவங்களோட எனக்குப் பேச்சே இல்லை.

நான் கேக்கிறது நல்ல ஒயரிங். அதுவும் அவருக்கும் உரிமைதான்.

17/ ஆனா சத்தத்துக்கு ஒரு அளவு இருக்கு. போளூர்ல இருந்தோ ஆலங்காயத்துல இருந்தோ ஜமுனாமரத்தூர் ஏறினவங்களுக்குத் தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கம் வர வண்டியைக் கண்ணால பார்க்க முடியாது, ஹாரனைக் காதால கேக்கணும். ஊஃபர் அதிரும்போது ஹாரன் கேக்காது. பின்னாடி ஏறின ஜனங்க "நிறுத்து"ன்னு தட்டினாலும் கேக்காது.

2022 ஏப்ரல் 2, யுகாதி அன்னைக்கு, செம்பரை மலைக்கோவிலுக்குப் போன வேன் பள்ளத்துல கவிழ்ந்து 11 பேர் போனாங்க. அதுக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா இந்த ரோடு எவ்வளவு சின்ன தப்பையும் மன்னிக்காதுன்னு சொல்லத்தான் ஞாபகப்படுத்துறேன்.

கோடை விழாவுக்கு வர சுற்றுலாக்காரங்களுக்கும் இது சேர்த்துதான். ஆஸ்பத்திரியைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். சட்டத்துலயே இருக்கு.

18/ "கம்பெனி செட்டுக்கு 40 ஆயிரம் கேக்கிறான், வெளியிலதானே போட முடியும்?"

நியாயம். வெளியில போடுங்க, முறையாப் போடுங்க. உங்க வண்டி மாடலுக்கான கப்ளர் தனியா விக்குது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி இடங்கள்ல மட்டும் இல்லை, ஆன்லைன்லயும் கிடைக்கும். வண்டியோட ஒரிஜினல் ஒயரை வெட்டவே வேண்டாம். கப்ளருக்குக் கப்ளர். ஒயரை வெட்டினா நாளைக்கு வாரண்டி கேக்கும்போது மறுக்க கம்பெனிக்கு ஒரு காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீங்க.

19/ கடையில கேக்க வேண்டிய ஐந்து கேள்வி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

• கப்ளர் போடுறீங்களா, ஒயரை வெட்டுறீங்களா?
• மஞ்சளும் சிவப்பும் தனித்தனியா போகுதா?
• ஆம்ப் ஒயர்ல பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் இருக்கா?
• தகரம் வழியா வர இடத்துல ரப்பர் புஷ் இருக்கா?
• எர்த்தை பெயின்ட் சுரண்டின தகரத்துல போல்ட் போட்டு முறுக்குறீங்களா?

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார்"னு பதில் வந்தா, சாவியை வாங்கிட்டு கிளம்புங்க.

20/ வீட்டிலேயே பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. செட்டு பக்க ஒயர்ல மஞ்சள்னா பேட்டரி. ஆனா வண்டில மஞ்சள் உறை, மஞ்சள் கப்ளர் பார்த்தீங்கன்னா அது பெரும்பாலும் ஏர்பேக். அதுல டெஸ்ட் லாம்ப் குத்தாதீங்க, வெட்டாதீங்க. முகத்துக்கு நேரா வெடிக்கிற சாமான் அது. வண்டி பக்க ஒயரோட நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறத்தை மட்டும் நம்பாதீங்க. வேலை தொடங்குறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸைக் கழட்டுங்க.

21/ கோபம் கடைக்காரர் மேல மட்டும் இல்லை. இதே மலையில, காவலூர்ல, 1986-ல இருந்து 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கு. எங்கேயோ இருக்கிற நட்சத்திரத்தை அங்கே இருந்து பார்க்கிறோம். பெருமைதான். அதே மலையில ஒரு தாயோட உயிர், டேப் சுத்தின ரெண்டு ஒயர்ல தொங்குது.

ரோடு போடுங்க. மலையிலேயே இன்னும் ஆம்புலன்ஸ் நிறுத்துங்க. அது வர வரைக்கும் இந்த பிக்கப்தான் ஆம்புலன்ஸ். அதுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதையோட அதுல கை வைங்க.

22/ அந்த தம்பி இப்ப மஞ்சளையும் சிவப்பையும் பிரிச்சு போட்டுட்டாரு. பேட்டரில ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் வச்சிருக்காரு, ராத்திரி அணைச்சுட்டுத்தான் படுக்கிறார். பாட்டு இன்னும் ஓடுது. போன வாரம் ஒரு பிரசவ கேஸ் கொண்டு வந்தார். முதல் சுத்துலயே செல்ஃப் எடுத்துச்சுன்னு வாசல்லயே சொன்னாரு.

23/ நீங்க இன்னைக்கே ஒண்ணு பண்ணுங்க. மீட்டர் எல்லாம் வேண்டாம். வண்டியை நிழல்ல நிறுத்தி, சாவியை எடுத்து, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போய் ஆம்ப் மேலயும் செட்டு மேலயும் கை வைங்க.

சூடா இருந்தா அது தூங்கலைன்னு அர்த்தம். நாளைக்கே பிரிச்சு மாட்டுங்க. வாடகை வண்டி, பிக்கப், ஜீப் ஓட்டுற உங்க சொந்தக்காரங்களுக்கு இதை அனுப்புங்க.