சேர்வராயன் சரிவின் சுவை

ஒரு நிலத்தின் மண், சரிவு, உயரம், மழை, வெயில் ஆகியவை சேர்ந்து விளைபொருளில் பதிக்கும் தனிச்சுவையைப் பிரெஞ்சு மொழியில் 'டெர்வார்' என்பர். அதற்குச் சேலத்தில் சான்று தேடுவோர் ஏற்காட்டுக் காப்பியைப் பார்த்தால் போதும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அறிமுகப்படுத்திய இப்பயிரில், சமவெளி வெயிலில் வாடும் அராபிகா இனம் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் உகந்த இடம் கண்டது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு டிகிரி குறைவதால், மரநிழலில் நிற்கும் செடியில் பழம் மெதுவாகவே சிவக்கிறது. அதைப் பிதுக்கினால் வழவழப்பான இனிப்புப் பசை போர்த்திய இரு விதைகள் வெளிவரும்; அவை நிதானமாக முற்றியதால் இறுகி, வறுக்கும்போது மணமும் மெல்லிய புளிப்பும் கூட்டித் தருகின்றன.

இத்தகைய சுவைக்குரிய நிலப்பெயரைக் காக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இத்தாலியின் வெரோனா அருகே எரிமலைப் பாறைக் குன்றுகளில் கார்கனேகா திராட்சையிலிருந்து பிறக்கும் சொவாவே என்ற வெள்ளை ஒயினின் பெயர், 1968-இல் சட்டப்படி சமவெளித் தோட்டங்களுக்கும் நீட்டிக்கப்பட்டதால், மிகுவிளைச்சலின் நீர்த்த சுவையும் அதே பெயரில் விலைபோயிற்று. குன்றுகளில் விளைந்தது 'கிளாசிகோ' என்ற அடைமொழியால் தன்னைப் பிரித்துக்காட்ட வேண்டியதாயிற்று. ஏற்காட்டுக் கொட்டையோ பிறவூர்க் கொட்டையோடும் சிக்கரியோடும் கலந்து பெயரின்றிக் கரைவது அதனினும் பெரிய இழப்பாகும். விளைந்த மலையின் பெயரும் உயரமும் பொட்டலத்தில் அச்சிடப்படுவது அதை விளைவிக்கும் விவசாயிகளுக்கு உரிய நியாயம்.