மைதானம் கல்லூரியில் இருக்கிறது

பிசானம் அறுவடை முடிந்ததும் கடையம் வட்டாரத்தில் வயல்களே கிரிக்கெட் மைதானங்கள். தாள்களை மிதித்துச் சமமாக்கி, நடுவில் ஒரு கீற்றுப் பிட்ச் போட்டு, வெயில் தாழ்ந்ததும் ஆட்டம் தொடங்கிவிடும். கார் சாகுபடிக்கு ராமநதியிலும் கடனாநதியிலும் தண்ணீர் திறந்தால் பிட்ச் சேற்றுக்குள் போய்விடும். அந்த வருட ஆட்டமும் அதோடு சரி. நம் பிள்ளைகளுக்குத் திறமை இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், வருடம் முழுக்க விளையாட அவர்களுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சிற்றூர்களில் அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது, கல்லூரிகளின் சுற்றுச்சுவருக்குள்.

நத்தம் இதற்குச் சான்று. 2016ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது சென்னை சேப்பாக்கத்தோடு இரண்டு மைதானங்கள் சேர்ந்தன. ஒன்று நமக்குப் பக்கத்தில் சங்கர் நகர் சிமெண்ட் ஆலையின் மைதானம். மற்றது நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம். ரஞ்சிப் போட்டிகளும் அங்கே நடந்திருக்கின்றன. 2025ல் லீக்கின் இறுதிப் போட்டியே அங்குதான். பெருநகரம் இல்லாத இடத்தில் இது எப்படி முடிந்தது? கல்லூரியிடம் ஒரே பரப்பாக நிலம் இருக்கும், தண்ணீர் இருக்கும், உடற்கல்வி இயக்குநர் இருப்பார். எல்லாவற்றையும்விட, தினமும் வந்து விளையாட மாணவர்கள் இருப்பார்கள். போட்டிக்காக மட்டும் கட்டிய அரங்கம் போட்டி முடிந்த மறுநாளே பூட்டிக் கிடக்கும். ஆள் புழங்காத இடத்தில் புல் மண்டத்தான் செய்யும்.

அமெரிக்காவில் இந்த வழி நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்து ஸ்டார்க்வில் சுமார் 25,000 பேர் வாழும் ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் டூடி நோபிள் பேஸ்பால் மைதானம் 1967லிருந்து அதே இடத்தில் இருக்கிறது. மாணவர்கள் ஆடும் ஒரே ஆட்டத்துக்கு 15,000 பேருக்கு மேல் அங்கே திரண்டிருக்கிறார்கள். கல்லூரி அணியை ஊர் தன் அணியாக எடுத்துக்கொண்டதன் பலன் அது.

நத்தம் வசதி படைத்த தனியார் நிர்வாகத்தின் காரியம், உதவி பெறும் கல்லூரி எங்கே போகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நமக்கு ஒளிவிளக்குக் கோபுரமோ கேலரியோ வேண்டியதில்லை. ஜூன் முதல் சாரல் அடிக்கும் ஊரில் முதல் செலவு வடிகாலுக்கு: மைதானம் நடுவில் சற்று உயர்ந்து ஓரங்களுக்குச் சரிய வேண்டும், அடியில் மணல் வேண்டும், ஓரத்தில் தண்ணீர் ஓட வாய்க்கால் வேண்டும். அடுத்தது ஒரு காவலாளியின் சம்பளம். வெளியாட்களை விட்டால் வளாகத்தின் ஒழுங்கு கெடும் என்பது இன்னொரு தயக்கம். மகளிர் கல்லூரிகளில் அந்தத் தயக்கத்தை மதிக்க வேண்டும். அங்கே சுற்று வட்டாரப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நேரம் ஒதுக்கலாம். மற்ற கல்லூரிகளில் காலை ஆறு முதல் எட்டு, மாலை ஐந்து முதல் ஏழு என்று வகுத்து, பெயர் பதிந்து அடையாள அட்டை கொடுத்தால் போதும்.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2016ல் அதே லீக்கில் திண்டுக்கல் அணிக்கு யார்க்கர் வீசிப் பெயர் எடுத்தார். 2020 டிசம்பரில் இந்திய அணிக்கு ஆடினார். கையில் பணம் வந்ததும் சொந்த ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்து வைத்தார். ஊருக்கு எது குறை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லா ஊருக்கும் ஒரு நடராஜன் கிடைக்கமாட்டார். 2019ல் பிறந்த தென்காசி மாவட்டத்தின் நிர்வாகமும் இங்குள்ள கல்லூரி நிர்வாகங்களும் ஒருமுறை உட்கார்ந்து பேசட்டும். பராமரிப்புச் செலவை அரசு ஏற்கட்டும், கதவைக் கல்லூரி திறக்கட்டும். அடுத்த கார் நடவுக்குத் தண்ணீர் திறப்பதற்குள் இதைச் செய்யுங்கள்.