மழைக்கால வாடையும் காவல் நாய்களும்

ஐப்பசி பிறப்பதற்கு முன்னரே சின்ன காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் குடியானவர்கள் மழைக்காலத்திற்கு வேண்டிய ஏற்பாடுகளில் முனைந்துவிடுகின்றனர். ஏரிக்கரைகளும் மதகுகளும் கலங்கல்களும் பார்வையிடப்படுகின்றன. வைக்கோற்போர் திருத்தி வேயப்படுகிறது. மாட்டுக்கொட்டகையின் கூரை செப்பனிடப்படுகிறது. விதைநெல் மூட்டைகள் உயரமான இடத்தில் அடுக்கப்படுகின்றன. ஊருக்குள்ளே பட்டு நெய்வோரும், பாவிலே ஈரம் ஏறாதபடி தக்க எச்சரிக்கையோடு இருக்கின்றனர். இத்தனை முன்யோசனையுள்ள ஊரில் ஒரு ஜீவன் மட்டும் எவருடைய கணக்கிலும் சேருவதில்லை. வயலையும் களத்துமேட்டையும் ஆட்டுக்கிடையையும் இரவெல்லாம் காத்து நிற்கும் நாயே அது. அதற்கு உலர்ந்த படுக்கை ஒன்று உண்டா என்று கேட்போர் அரியர்.

உழவு மாடு எவ்வாறு பண்ணையின் மூலதனமோ, அவ்வாறே காவல் நாயும் மூலதனமாகும். மாட்டுக்குக் கொட்டகை அவசியமென ஒப்புக்கொள்ளும் நிலச்சொந்தக்காரர், நாய்க்கும் அதன் அளவுக்கேற்ற கூரையும் உலர்ந்த தரையும் அமைத்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். இது ஜீவகாருண்யம் ஒன்றைமட்டும் பற்றிய விஷயமன்று. பண்ணை நிர்வாகத்தைப் பற்றியதுமாகும்.

இதற்கு உடனே ஓர் ஆட்சேபம் எழலாம். காஞ்சிபுரம் வெப்பமான பிரதேசம். மார்கழியிலுங்கூட இரவின் உஷ்ணம் பெரும்பாலும் 20 டிகிரி சென்டிகிரேடுக்கு வெகுவாகக் கீழே இறங்குவதில்லை. பனி உறையாத நாட்டில் நாய்க்குக் குளிரேது என்பர் சிலர். வெப்பமானியை மட்டும் பார்த்துச் சொல்லும் இவ்வார்த்தை பொருந்தாது. உடலின் சூட்டைக் கவர்ந்து செல்வன காற்றின் குளிர்ச்சியோடு ஈரமும் வாடையுமாம். காய்ந்த உரோமத்தினிடையே சிக்கி நிற்கும் காற்றே நாய்க்குப் போர்வையாக உதவுகிறது. உரோமம் நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டால் அப்போர்வை அழிந்துபோகிறது. தண்ணீரோ காற்றைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தவல்லது. நனைந்த உடலின்மீது வாடைக்காற்று வீசுமாயின், ஈரம் ஆவியாகும்போது மேலும் சூடு குறைகிறது. நாற்று நடும் பெண்கள் அடைமழையில் நடுங்குவதைக் கண்ட எவரும் இதனை மறுக்கமாட்டார். அவர்கள் மாலையில் வீடு திரும்பி உலர்ந்த சேலை உடுத்துகின்றனர். நாய்க்கு மாற்றுடை இல்லை.

நாயின் ஜாதியும் இங்கே கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் காவலுக்கும் வேட்டைக்கும் பெயர்பெற்ற இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாய்கள், மழை குறைந்த தென் ஜில்லாக்களில் உண்டானவை. வெயிலைத் தாங்குவதற்கேற்ற குட்டையான ஒற்றை உரோமமும், கொழுப்பில்லாத ஒடுங்கிய வயிறும், மெல்லிய தோலும் இவற்றின் இலட்சணங்கள். கரிசல் வெயிலுக்குப் பேருதவியான இவ்வமைப்பு, காஞ்சிபுரத்தின் கார்த்திகை மழைக்கு ஏற்றதன்று. ஊர்களில் சாதாரணமாக வளரும் நாட்டுநாய்க்கும் உரோமம் குட்டையே. லாப்ரடார் போன்ற குளிர்நாட்டு நாய்களுக்கோ மேலே எண்ணெய்ப் பசையுள்ள உரோமமும், அதன் அடியில் பஞ்சுபோன்ற உள்ளுரோமமும் உண்டு. குளிர்ந்த நீரில் விழுந்த பறவையைக் கவ்வி வருவதற்கென்றே வளர்க்கப்பட்டவை அவை. அத்தகைய நாய்களையுங்கூட மேல்நாட்டார் வேலை முடிந்தவுடன் துவட்டி உலர்த்தி, வைக்கோற் படுக்கையில் கிடத்துவது வழக்கம். இரட்டை உரோமமுள்ள நாய்க்கே இவ்வளவு பராமரிப்பு வேண்டுமெனில், ஒற்றை உரோமமுள்ள நாயைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

துப்பாக்கியோடு செல்லும் வேட்டை நாய்கள் முன்னாளில் செங்கற்பட்டு ஜில்லாவுக்குப் புதியனவல்ல. ஏரிகள் நிறைந்த இந்த ஜில்லாவில் ஆங்கிலேயர் நீர்ப்பறவைகளைச் சுட்டு வந்தனர். வேடந்தாங்கல் மக்கள் அதைப்பற்றி முறையிட்டதன்பேரில், கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பறவைகளுக்குப் பாதுகாப்பளித்தார். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அத்தகைய வேட்டைக்கு இடமில்லாமற் செய்துவிட்டன. ஆயினும் நாயின் உழைப்பு ஒழிந்துவிடவில்லை. சம்பாப் பயிர் முற்றும் காலத்திலும், நவரைக்கு நாற்றுவிடும் காலத்திலும், கிடை ஆடுகள் மேட்டில் அடைபட்டிருக்கும் காலத்திலும், குரைத்து எச்சரிக்கும் காவலே அதன் தொழில். அக்காவல் மிகுதியும் தேவைப்படும் மாதங்களே மழை மிகுந்த மாதங்களாகவும் இருக்கின்றன.

ஈரக்குளிரால் விளையும் கேடுகளை மூவகையாகக் கூறலாம். முதலாவது, உடற்சூடு தாழ்ந்துபோதல். நலமுள்ள நாயின் உடற்சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். அது 99-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து நெருங்கிவிட்டதென்று கொள்ளவேண்டும். தொடக்கத்தில் நாய் நடுங்கும், உடலைச் சுருட்டிக்கொள்ளும், அழைத்தால் எழுந்திருக்கத் தயங்கும். சூடு மேலும் குறையும்போது நடுக்கம் நின்றுவிடுகிறது. நடுக்கம் நின்றதைக் கண்டு நாய் தேறிவிட்டதென எண்ணுதல் பெரும் பிழை. ஈறுகள் வெளுத்து, கால்கள் தள்ளாடி, மூச்சு மந்தப்படுமாயின் அது மரணத்தின் அறிகுறியேயாம். இரண்டாவது, உழைப்புக் குறைதல். இரவெல்லாம் நனைந்து கிடந்த நாய் தன் உணவின் சாரத்தையெல்லாம் உடலைச் சூடாக்குவதிலேயே செலவிட்டு மெலிகிறது. வயது முதிர்ந்த நாய்க்கு மூட்டுப்பிடிப்பு முற்றுகிறது. மூன்றாவது, குட்டிகளின் சாவு. பிறந்து இரண்டு வாரம் ஆகாத குட்டிகளுக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கும் சக்தி இன்னும் அமையவில்லை. முதல் வாரத்தில் அவற்றின் படுக்கை சுமார் 30 டிகிரி சென்டிகிரேடு சூட்டோடு இருத்தல் வேண்டும். ஈரமண்ணில் ஈன்ற குட்டிகள் ஒவ்வொன்றாக மடிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், திருஷ்டியன்று.

இக்கேடுகளைத் தடுக்கப் பெரும்பொருள் செலவாகாது. பழைய பலகைகளும் தென்னங்கீற்றும் வைக்கோலும் பெரும்பாலான பண்ணைகளில் உள்ளவையே. கூண்டு, நாய் நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் போதுமான அளவினதாக இருந்தால் போதும். மிகப் பெரிய கூண்டு நல்லதன்று. நாயின் உடற்சூடு அதை நிரப்பமாட்டாது. தரை நிலத்திலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருக்கவேண்டும். தண்ணீர் தேங்கும் இடமாயின் இன்னும் உயர்த்தவேண்டும். சிமெண்டுத் தரை சூட்டை உறிஞ்சுமாதலால் அதன்மேல் பலகை பரப்புதல் அவசியம். வடகிழக்குப் பருவத்தில் காற்று வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வீசுவதால், வாயில் தெற்கு நோக்கி அமைவது உத்தமம். கூரை வாயிலுக்கு வெளியே ஒன்றரை அடி நீண்டிருந்தால் சாரல் உட்புகாது. உள்ளே அரை அடி ஆழத்திற்கு உலர்ந்த வைக்கோல் இடவேண்டும். நனைந்த கோணியும் பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் இல்லாதிருப்பதே மேல். மோட்டார்க் கொட்டகையில் நாயைக் கட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மழைக்காலத்தில் ஈரச்சுவரிலும் இரும்பிலும் மின்சாரம் கசியக்கூடுமாதலால், அவ்வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும்.

காவல் முடிந்து விடியற்காலையில் திரும்பும் நாயை உலர்ந்த சாக்கினால் வயிறு, தொடை, விரலிடுக்கு, காது ஆகிய இடங்களில் அழுந்தத் துடைக்கவேண்டும். இதற்குச் சில நிமிஷங்களே ஆகும். அப்போதே முள்ளும் உண்ணியும் புண்ணும் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும் என்பது மற்றொரு லாபம். உணவைப் பொறுத்தவரையில், வெறும் சோற்று வடிகஞ்சியோ நீர்த்த கேழ்வரகுக் கூழோ மழைக்கால உழைப்புக்குப் போதாது. அதனோடு முட்டை, வேகவைத்த மீன் அல்லது இறைச்சி, சிறிது எண்ணெய் அல்லது கொழுப்புச் சேர்த்து, இளஞ்சூட்டில் இரண்டு வேளையாகக் கொடுப்பது நலம். வெங்காயம் நாய்க்கு நஞ்சாகையால், வீட்டில் மிஞ்சிய சாம்பாரையும் குழம்பையும் ஊற்றுதல் தகாது.

சில தவறான பழக்கங்களையும் இங்கே கண்டிக்கவேண்டியிருக்கிறது. குளிரில் வாடிய நாய்க்குச் சாராயம் புகட்டினால் சூடு ஏறும் என்று நம்புவோர் உளர். சாராயம் தோலிலுள்ள இரத்தக்குழாய்களை விரியச் செய்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே போக்கிவிடும். நாயின் உடலுக்கு அது விஷமுமாகும். உண்ணியையும் சொறியையும் போக்கவென்று மண்ணெண்ணெயோ பழைய இயந்திர எண்ணெயோ பூசினால் தோல் வெந்துபோகும்; நக்கிய நாய் நோயுறும். விறைத்த நாயை எரியும் அடுப்பருகே கிடத்துவதும் தவறு; உணர்ச்சி மரத்த தோல் சுட்டுப்போவதை அது உணராது. முதலில் துடைத்து உலர்த்தி, கம்பளியாற் போர்த்தி, வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துணியிற் சுற்றி விலாப்புறத்தில் வைத்து, மெல்ல மெல்லச் சூடேற்றுவதே முறை. தானாக விழுங்கும் நிலையில் இருந்தாலன்றி வாயில் எதையும் ஊற்றலாகாது. தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லவும் வேண்டும்.

உலர்ந்த படுக்கைக்கும் மனிதர் நலத்திற்கும் உள்ள சம்பந்தத்தைப் பலர் உணர்வதில்லை. வளைகளில் வெள்ளம் புகுந்ததும் எலிகள் வைக்கோற்போருக்கும் களஞ்சியத்திற்கும் ஏறுகின்றன. அவற்றின் சிறுநீர் கலந்த தேங்குநீரின் மூலம் எலிக்காய்ச்சல் நாயையும் பற்றும். வெறுங்காலோடு சேற்றில் இறங்கும் மனிதரையும் பற்றும். சேற்றில் கிடக்கும் நாய்க்கு இந்நோய் எளிதில் தொற்றுகிறது. நோயுற்ற நாயின் சிறுநீராலும் அது பரவக்கூடும். இதற்குத் தடுப்பூசி உண்டு. வெறிநோய்த் தடுப்பூசி எந்நாளும் இன்றியமையாதது. ஆண்டுதோறும் செப்டம்பர் 28-ஆம் தேதி உலக வெறிநோய் நாளாக அனுசரிக்கப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை இப்பிரதேசத்தில் அக்டோபர் இருபதாம் தேதியை ஒட்டித் தொடங்குவதால், அந்நாளையே மழைக்கு முந்திய ஊசிநாளாக வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமிராது.

கிராம அதிகாரிகளுக்கும் இதிற் பங்குண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியிலும் மறுநாள் காலையிலும் பெய்த மழை, அந்நாளில் காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த தாம்பரத்தில் 49 சென்டிமீட்டராகப் பதிவாயிற்று. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் புரண்டது. பாலாற்றின் கரையிலும், நகரை ஒட்டி ஓடும் வேகவதியின் கரையிலும் உள்ளவர்களுக்கு இத்தகைய வெள்ளம் மீண்டும் வாராது என்று எவரும் உறுதி கூறமுடியாது. வெள்ள எச்சரிக்கை வந்ததும் ஆடுமாடுகளை அவிழ்க்கச் சொல்லி அறிவிக்கும்போது, நாய்ச்சங்கிலியையும் அவிழ்க்கச் சொல்வதற்கு ஒரு வார்த்தையே கூடுதலாக வேண்டும். சங்கிலியோடு விடப்பட்ட நாய், ஓடிப் பிழைக்கும் வழியின்றி நின்ற இடத்திலேயே மூழ்கும். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, போதிய உணவும் நீரும் தங்குமிடமும் அளிக்கத் தவறுவதையும், நியாயமற்ற குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும் குற்றமெனக் கூறுகிறது. தண்டனைக்கு அஞ்சிச் செய்வதைக் காட்டிலும் நன்மையறிந்து செய்வதே மேலென்றாலும், சட்டம் உள்ளதை ஊரார்க்கு எடுத்துச் சொல்வது அதிகாரிகளின் பொறுப்பாகும்.

கூலிக்கு உழைக்கும் ஏழைக்கு இவையெல்லாம் இயலுமா என்று கேட்கலாம். அவ்வேழையின் நாயும் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரரின் களத்தையே காக்கிறது. காவலின் பயனை அடைபவரே கூண்டின் செலவையும் ஏற்பது நியாயம். மேலும், பராமரிப்பில்லாத மூன்று நாய்களை வைத்துக்கொள்வதைவிட, உலர்ந்த இடத்தில் உறங்கி வயிறார உண்ணும் ஒரே நாய் அதிகக் காவல் தரும். குளிர்ந்து கிடக்கும் நாய், காற்றுக்கு மறைவு தேடிச் சுருண்டுவிடுமேயன்றி வரப்பைச் சுற்றி வராது. மழையிரவில் களவு போன மூட்டைக்கு நாயைக் குறை கூறுமுன், அதனை எங்கே படுக்க வைத்தோம் என்று உடையவர் எண்ணிப்பார்த்தல் தகும்.

மாட்டுக்கொட்டகையின் கூரை வேயும் அதே நாளில், மிஞ்சிய கீற்றைக்கொண்டு நாய்க்கும் ஒரு கூரை வேயலாம். வைக்கோற்போர் பிரிக்கும்போது ஒரு கட்டு அதற்கென ஒதுக்கலாம். இவ்விரண்டும் ஐப்பசிக்கு முன் முடிந்துவிட்டால், அவ்வீட்டின் மழைக்கால ஏற்பாடு குறைவற நிறைவேறியதாகக் கொள்ளலாம். காஞ்சிபுரம் வட்டாரத்துக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் வருகின்ற பருவத்திலேயே இதனைத் தொடங்கி, ஏனையோர்க்கு வழிகாட்டுவார்களாக.