வாட்ச்சில் இருந்தே சாட்டிலைட்டுக்கு மெசேஜ்: மணிக்கட்டில் ஆன்டெனா படும் பாடு

காதில் இயர்பட்ஸ், பின் பாக்கெட்டில் போன். வீட்டுக்குள் பாட்டு தடையில்லாமல் ஓடுகிறது. மெரினாவில் வாக்கிங் போனால் மட்டும் விட்டு விட்டுக் கேட்கிறது. இயர்பட்ஸ் கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம்: பெரும்பாலும் இதில் குற்றவாளி நடுவில் நிற்கும் உங்கள் உடம்புதான். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை, தண்ணீர் நிறைந்த சதை நன்றாகவே விழுங்கிவிடும். அறைக்குள் இருந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் அலையாவது காதுக்கு வந்து சேரும். திறந்தவெளியில் அந்த உதவியும் கிடையாது.

பாட்டு நின்றால் எரிச்சல், அவ்வளவுதான். ஆனால் இதே பிரச்னையைத் தோளில் சுமந்துகொண்டுதான் ஸ்மார்ட்வாட்ச், உயிர் காக்கும் கருவி என்ற பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் கூகுள் பிக்சல் வாட்ச் 4, அடுத்த மாதமே ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 3. டவர் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால், போன் கையில் இல்லாமலேயே வாட்ச்சில் இருந்து சாட்டிலைட் வழியாக அவசர உதவி கேட்கலாம் என்கின்றன இரண்டும். இத்தனை சின்னப் பொருளால் அது எப்படி முடிகிறது? எவ்வளவு தூரம் நம்பலாம்?

9 செ.மீ. கேட்கும் அலை, 4 செ.மீ. வாட்ச்

ஆன்டெனா ஒழுங்காக வேலை செய்ய, அலைநீளத்தில் கால் பங்கு நீளமாவது இருந்தால் வசதி. ஜியோ 4ஜி பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்று 850 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் சுமார் 35 செ.மீ., கால் பங்கு என்றால் கிட்டத்தட்ட 9 செ.மீ. வாட்ச்சின் உயரமோ 4-5 செ.மீ. அதிலும் பேட்டரி, டிஸ்ப்ளே, இதயத் துடிப்பு சென்சார் எல்லாம் இடம் பிடித்தது போக மிச்சம்தான் ஆன்டெனாவுக்கு.

மடித்து வைக்க முடியாதா? முடியும், ஆனால் சும்மா இல்லை. ஆன்டெனாவைச் சிறிதாக்கினால் ஒன்று அது பிடிக்கும் அலைவரிசையின் அகலம் சுருங்கும், இல்லையென்றால் கொடுத்த சக்தியில் பெரும்பகுதி அலையாக வெளியேறாமல் உள்ளேயே வெப்பமாக வீணாகும். அமெரிக்காவில் ஹெரால்ட் வீலர் 1947லும், எம்ஐடியின் எல்.ஜே. சூ 1948லும் கணக்குப் போட்டுக் காட்டிய எல்லை இது. சிப் வருடா வருடம் சுருங்குகிறதே, ஆன்டெனாவும் சுருங்காதா என்று கேட்பவர்களுக்கு அந்தக் கணக்குதான் பதில். முக்கால் நூற்றாண்டு ஆகியும் அதை யாரும் உடைக்கவில்லை.

அடுத்து, தோல். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பினால் சுருதி இறங்கும் இல்லையா? அதேபோல, சதை பக்கத்தில் வந்தாலே ஆன்டெனாவின் சுருதி இறங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும்படி மேஜையில் வைத்து சரிசெய்த ஆன்டெனா, கையில் கட்டியதும் அதற்குக் கீழே போய் நிற்கும். அதனால் ஆரம்பத்திலேயே மணிக்கட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் டிசைன் செய்கிறார்கள். சோதனைக்கு, சதையின் மின் தன்மை கொண்ட செயற்கை முன்கையில் வாட்ச்சைக் கட்டி, எதிரொலியே இல்லாத அறையில் அளக்கிறார்கள். ஆனால் நிஜத்தில் ஒருவர் கை தடிமன், இன்னொருவருக்கு ஒல்லி. ஒருவர் இறுக்கிக் கட்டுவார், இன்னொருவர் வளையல் மாதிரி தொங்கவிடுவார். மெட்டல் ஸ்ட்ராப் போட்டால் கணக்கு மறுபடியும் மாறும்.

அப்போ என்னதான் பண்றாங்க?

தனியாக இடம் இல்லை என்றால் இருப்பதையே ஆன்டெனாவாக்கு என்பதுதான் வழி. 2017ல் சிம் வசதியோடு வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 3ல், டிஸ்ப்ளேவையே ஆன்டெனாவாகப் பயன்படுத்தினார்கள். பல வாட்ச்களில் உலோக வளையமே ஆன்டெனா. அல்லது திரைக்கும் உலோக உறைக்கும் நடுவே விடும் மெல்லிய இடைவெளி அந்த வேலையைப் பார்க்கும். ஒரே உலோகத் துண்டு ஜிபிஎஸ், ப்ளூடூத், 4ஜி எல்லாவற்றுக்கும் மாறி மாறி சுருதி சேர, உள்ளே ட்யூனர் சர்க்யூட்கள் உண்டு. டிசைனுக்காக மட்டும்தான் உலோக உறை என்று நினைத்தவர்கள் இனி கொஞ்சம் மரியாதையோடு பார்க்கலாம்.

சக்தியைக் கூட்டினால் என்ன என்று தோன்றலாம். போன் போல வாட்ச்சிலும் 4ஜி ரேடியோவின் உச்ச சக்தி பொதுவாக 0.2 வாட்தான். அதை ஏற்றினால் முதலில் பேட்டரி காலி. அடுத்து, கதிர்வீச்சு வரம்பு குறுக்கே நிற்கும். அமெரிக்க விதிப்படி மணிக்கட்டு போன்ற பகுதிகளில் 10 கிராம் திசுவின் சராசரியாக, கிலோவுக்கு 4 வாட்டுக்கு மேல் உடம்பு உறிஞ்சக் கூடாது.

இந்த நிலையில்தான் சாட்டிலைட். பிக்சல் வாட்ச் 4 பேசுவது பூமியில் இருந்து சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் சாட்டிலைட்டோடு. அல்ட்ரா 3க்கான சாட்டிலைட்கள் 800 மைல், அதாவது சுமார் 1,300 கி.மீ. மேலே இருப்பதாகவும், அதற்காக ஆன்டெனாவை மாற்றி சிக்னல் வலிமையை இரட்டிப்பாக்கியதாகவும் ஆப்பிள் சொல்கிறது. ஆனால் உண்மையான தந்திரம் வேறு இடத்தில் இருக்கிறது: மெதுவாகப் பேசுவது. வீடியோ கால் கிடையாது. சில வரி மெசேஜ், இருக்கும் இடம், அவ்வளவே. குறைந்த தகவலை மிகக் குறுகிய அலைவரிசையில் நிதானமாக அனுப்பினால், பலவீனமான சிக்னலையும் மறுமுனையில் பொறுக்கி எடுக்க முடியும்.

அதனால்தான் திறந்த வானம் வேண்டும் என்ற நிபந்தனை. மலையில் விழுந்தவர் கையை உடம்புக்கு அடியில் மடக்கிக் கிடந்தால், அல்லது அடர்ந்த மரங்களுக்குக் கீழே இருந்தால், சிக்னல் போகாமலே இருக்கலாம். விளம்பரத்தில் வருபவர் எப்போதும் பாறை உச்சியில்தான் நிற்கிறார்.

இந்தியாவில் நிலைமை என்ன?

அறிமுகத்தின்போது இரண்டு வாட்ச்களின் சாட்டிலைட் வசதிக்கான பட்டியலிலும் இந்தியா இல்லை. சாட்டிலைட் போன் வைத்திருக்கவே தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டிய நாடு இது.

உதவி கேட்டால் மட்டும் போதாது, ஆள் எங்கே இருக்கிறார் என்றும் தெரிய வேண்டுமே. அங்கேயும் ஆன்டெனா பிரச்னைதான். இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக், ஆரம்பத்தில் எல்5, எஸ் என்ற இரண்டு பேண்டுகளில் மட்டுமே சிக்னல் அனுப்பியது. சாதாரண ஜிபிஎஸ் வாட்ச்சின் ஆன்டெனாவும் சிப்பும் தயாரானது எல்1 பேண்டுக்கு, 1575.42 மெகாஹெர்ட்ஸுக்கு. நாவிக்குக்காக இன்னொரு பேண்டைச் சேர்ப்பது என்றால், ஏற்கெனவே இடமில்லாத பெட்டிக்குள் இன்னும் ஒரு சுமை.

2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பிய என்விஎஸ்-01 இதைச் சரிசெய்யத்தான் எல்1 சிக்னலையும் சுமந்து சென்றது. ஜிபிஎஸ்ஸுக்கென்று இருக்கும் அதே ஆன்டெனாவில் நாவிக்கையும் பிடிக்கலாம் என்பதே இதன் லாபம். இரண்டாவதாக 2025 ஜனவரி 29 அன்று என்விஎஸ்-02 போனது. ராக்கெட் சரியாகத்தான் கொண்டுபோய் விட்டது. அதன் பிறகு சாட்டிலைட்டின் வால்வு திறக்காததால் உரிய சுற்றுப்பாதைக்கு அதை உயர்த்த முடியவில்லை.