இணையக் கடைக்கு வந்த மாந்தம்

வீட்டிலிருந்தபடியே ஊறுகாய், வடகம், பட்சணம் விற்பதற்கு இணையத்தில் கடை வைத்திருக்கும் சகோதரிகளே, அது வேர்ட்பிரஸ்ஸில் ஓடும் கடையானால் இந்த வாரம் பேச்சு உங்களுடன்தான்.

2003-ம் ஆண்டில் பிறந்த வேர்ட்பிரஸ்ஸுக்குப் 'பிளக்-இன்'கள் கடைச் சிப்பந்திகள் மாதிரி. ஒன்று கல்லாவைப் பார்க்கும்; ஒன்று படங்களை அடுக்கும். மாதக் கணக்காகக் கவனியாமல் விட்ட பிளக்-இன் ஒன்றை ஒரு நாள் புதுப்பிக்கிறோம். அவ்வளவுதான், மாந்தம் கண்ட குழந்தை மாதிரி கடை சோர்ந்து போகிறது! பக்கம் திறப்பதற்குள் வாடிக்கைக்காரர் பொறுமை இழந்து அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். வயிறு எரியாதா?

'நேற்று எடுத்த பேக்கப்பைத் திரும்பப் போட்டுவிட்டால் என்ன?' என்று கை பரபரக்கும். வேண்டாம், பொறுங்கள்! பேக்கப் முழுவதையும் போட்டால், அதை எடுத்த பிறகு வந்த ஆர்டர்களும் மறைந்து போகும். பணம் பாங்கியில் இருக்கும்; யார், எதற்காகக் கொடுத்தார்கள் என்ற விவரம் கடையில் இராது. தீபாவளிச் சமயமானால் கேட்கவே வேண்டாம்!

சரி, பிளக்-இன்னை மட்டும் பழைய பதிப்புக்கு மாற்றலாமா? புதிய பதிப்பு கடையின் கணக்கேடான டேட்டாபேஸையே வேறு விதமாக எழுதியிருக்கலாம். பழைய ஆளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் அதுவும் மறுபடி திறந்துகொள்ளும்.

ஆகையால், முதல் மருந்து சிறிது பொறுமை. முன்பே தயாரித்து வைத்திருந்த பக்கங்களைக் 'கேஷ்' என்பார்கள். புதுப்பித்ததும் அது காலியாகிவிடுவது உண்டு. அப்புறம் ஒவ்வொரு பக்கத்தையும் முதல் தடவை புதிதாகத்தான் சமைக்க வேண்டும். வூகாமர்ஸ் கடையானால், 'ஸ்டேட்டஸ்' பகுதியில் 'ஷெட்யூல்டு ஆக்‌ஷன்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். பாக்கி வேலைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால், கடை தானே தேறி வருகிறது என்று அர்த்தம்.

அப்படியும் தேறவில்லையா? பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பது கூகிள் வகுத்த அளவு. உங்கள் கடைக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'சைட் ஹெல்த்' பக்கத்தைத் திறந்து, பி.எச்.பி. பழைய பதிப்பா என்று பாருங்கள். பழையதானால் ஹோஸ்டிங் கம்பெனியிடம் சொல்லி மாற்றச் சொல்லலாம். ஆனால் மற்ற பிளக்-இன்கள் அதற்கு ஒத்துவருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, 'ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங்' என்ற இலவச பிளக்-இன். இதன் சோதனை முறையில் எல்லாப் பிளக்-இன்களும் உங்கள் கண்ணுக்கு மட்டும் அணைந்துவிடும். வாடிக்கைக்காரர்களுக்குக் கடை வழக்கம் போல் நடக்கும். ஒவ்வொன்றாக எழுப்பி, ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறியுங்கள். எதை எழுப்பியதும் கடை தள்ளாடுகிறதோ, அதன் மேல்தான் சந்தேகம். புதுப்பித்த ஆள்தான் குற்றவாளி என்பதில்லை. அதனுடன் ஒத்துப்போகாத இன்னொன்றாகவும் இருக்கலாம்! டேட்டாபேஸை யார் ஓயாமல் தொந்தரவு செய்கிறார்கள் என்பதைக் 'குவெரி மானிட்டர்' காட்டிக் கொடுக்கும். அந்த விவரத்தோடு பிளக்-இன் செய்தவர்களுக்கு எழுதினால், உருப்படியான பதில் வர வழியுண்டு.

இனிமேல், கடையின் நகல் ஒன்றில் முதலில் புதுப்பித்துப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று. அதுவும் பண்டிகைக்கு முன் வாரம் வேண்டவே வேண்டாம்!